எழுபது பேரின் ஓட்டத்தை ஒரே பட்டியலில் காட்டலாமா? ஸ்ட்ராவா ஏபிஐ விதிகள் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி: "அக்கா, கிருஷ்ணகிரியில் எங்கள் ஓட்டக் குழுவில் 70 பேர் இருக்கிறோம். பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள், பத்துப் பன்னிரண்டு பேர் பள்ளி மாணவர்கள். 90 நாள் போட்டி வைத்து, யார் எவ்வளவு ஓடினார்கள் என்று எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு ஆப் செய்கிறேன். ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப்பில் இருந்து தரவு எடுக்க, மற்ற ஆப்களுக்கு அது திறந்து வைத்திருக்கும் வழியான ஏபிஐ-யில் என் கணக்கு இணைந்துவிட்டது. நண்பன் இணைக்கப் பார்த்தால் 403 (அனுமதி இல்லை) என்று வருகிறது. விதிகளைப் படித்தால் ஒருவர் தரவை இன்னொருவருக்குக் காட்டவே கூடாது என்று இருக்கிறது. இதே தரவை வைத்து மாரத்தான் நேரத்தைக் கணிக்கும் மாடல் ஒன்றைக் கடைசி வருட ப்ராஜெக்டாகச் செய்யவும் நினைத்திருந்தேன். என் கோடையும் டேபிள் வடிவமைப்பையும் ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்பியிருக்கிறேன். என்ன செய்வது?"

தம்பி, பதிலுக்கு முன்னால் ஒரு வேலை. நீங்கள் கேள்வியோடு வைத்திருக்கும் ஸ்கிரீன்ஷாட்டில் கிளையன்ட் சீக்ரெட், அதாவது உங்கள் ஆப்பின் ரகசியச் சாவி, முழுதாகத் தெரிகிறது. படத்தை முதலில் எடுத்துவிடுங்கள். எடுத்தால் மட்டும் போதாது, யார் கண்ணில் பட்டிருக்கும் என்று தெரியாது. உங்கள் ஆப்பின் அமைப்புகள் பக்கத்துக்குப் போய் புது சீக்ரெட் உருவாக்குங்கள். கோடை கிட்ஹப்பில் ஏற்றியிருந்தால் அங்கேயும் பாருங்கள். ஃபைலை அழித்தாலும் பழைய கமிட்டில், அதாவது முன்பு சேமித்த பதிப்பில், அது அப்படியே கிடக்கும். ஆண்ட்ராய்டு ஆப்புக்குள்ளேயே சீக்ரெட்டை எழுதி வைத்திருந்தாலும் அதே கதைதான். ஆப்பின் நிறுவல் ஃபைலான ஏபிகே-யைப் பிரித்துப் பார்ப்பது பத்து நிமிட வேலை. சீக்ரெட் சர்வரில் மட்டும் இருக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த 403 உங்கள் கோடில் உள்ள தவறு இல்லை. ஸ்ட்ராவாவில் புதிதாகப் பதிவு செய்யும் ஆப்புக்கு ஒரே ஒரு வீரர்தான் அனுமதி, அதாவது செய்தவர் மட்டும். இரண்டாவது ஆள் இணைக்க வந்தால் எண்ணிக்கை மீறிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடும். எண்ணிக்கையைக் கூட்ட ஆப்பை அவர்களிடம் பரிசீலனைக்கு அனுப்ப வேண்டும். ஆனால் நீங்கள் விவரித்திருக்கும் ஆப் அந்தப் பரிசீலனையில் தேறாது. நீங்கள் விதியைச் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். 2024 நவம்பரில் மாற்றிய ஒப்பந்தப்படி, ஒருவருடைய தரவை ஏபிஐ வழியாக எடுத்தால் அதை அவருக்கு மட்டும்தான் காட்டலாம். அவர் ஸ்ட்ராவாவில் உலகத்துக்கே தெரியும்படி வைத்திருந்தாலும் சரி, உங்கள் ஆப்பில் அடுத்தவர் திரைக்கு அது போகக் கூடாது. இதனால் பாதிக்கப்படும் ஆப்கள் 0.1 சதவீதத்துக்கும் குறைவு என்று அப்போது அந்த நிறுவனம் சொன்னது. எண்ணிக்கையில் சிறியதாக இருக்கலாம். ஆனால் ஊர்க் குழுக்களுக்காக யாராவது ஒருவர் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்த சின்னச் சின்ன லீடர்போர்டுகள் (யார் முன்னிலை என்ற பட்டியல்கள்)தான் அதில் விழுந்தன. எங்களுடையதும் அதில் ஒன்று.

நான் ஓசூரில் இருக்கிறேன், எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பஸ்ஸில் போய் வருகிறேன், சர்வர் பக்கத்து வேலை. சொந்த ஊர் தர்மபுரி. அங்கே ஒரு குழுவோடு வார இறுதியில் ஓடுகிறேன். 2022-ல் நானும் நீங்கள் நினைக்கிற அதே ஆப்பைச் செய்தேன். அப்போது விதி இடம் கொடுத்தது. எல்லோரும் சந்தோஷமாக இணைத்தார்கள். கிலோமீட்டர் பட்டியலோடு நிற்காமல், வத்தல்மலை ஏறியவர்கள் பாதையைப் பார்க்க ஆசைப்பட்டதால் வரைபடமும் போட்டேன். மூன்றாவது வாரம் குழுவில் ஓடும் ஒரு பெண் எனக்குத் தனியாக ஒரு படம் அனுப்பினார். என் ஆப்பின் வரைபடத்தைப் பெரிதாக்கி எடுத்த படம். நீலக் கோடு அவர் தெருவுக்குள் நுழைந்து, வலது பக்கம் மூன்றாவது வீட்டின் கேட்டில் முடிந்திருந்தது. கீழே 5.10 என்று காலை நேரம். "அக்கா, நான் இதை ஸ்ட்ராவாவில் மறைத்துத்தானே வைத்திருந்தேன்?" என்று ஒரு வரி மட்டும் எழுதியிருந்தார்.

அவர் சரியாகவே மறைத்திருந்தார். வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இருக்கும் பாதை யாருக்கும் தெரியாதபடி அமைத்திருந்தார். அதை உடைத்தது நான்தான். எப்படி உடைத்தேன் என்பதை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் அதே வரியை உங்கள் கோடில் எழுதியிருக்கிறீர்கள்.

இணைக்கும்போது ஆப் என்ன என்ன கேட்கிறது என்பதை ஸ்கோப் என்கிறோம். ஓட்டங்களைப் படிக்க ஸ்ட்ராவாவில் இரண்டு ஸ்கோப் உண்டு. 'ஆக்டிவிட்டி ரீட்' கேட்டால், எல்லோருக்கும் அல்லது பின்தொடர்வோருக்குத் தெரியும்படி வைத்த ஓட்டங்கள் மட்டும் வரும். அதிலும் வீட்டைச் சுற்றி மறைத்த பகுதி வராது. 'ஆக்டிவிட்டி ரீட் ஆல்' கேட்டால், 'எனக்கு மட்டும்' என்று வைத்த ஓட்டங்களும் வரும், மறைத்த பகுதியும் சேர்ந்தே வரும். இணையத்தில் கிடைக்கும் பயிற்சிக் கட்டுரைகளில் பலர் இரண்டாவதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள், எதுவும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக. நானும் அதை அப்படியே எடுத்து ஒட்டினேன். இணைக்கும் பக்கத்தில் அந்தப் பெண்ணுக்கு முன்னால் ஒரு டிக் பெட்டி வந்திருக்கும், அவரும் என்மேல் உள்ள நம்பிக்கையில் அதைத் தட்டியிருப்பார். ஆனால் "உங்கள் வீட்டு வாசலும் தெரியும், அதை 40 பேருக்குக் காட்டப் போகிறேன்" என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அன்று இரவே வரைபடத்தை எடுத்தேன், ஸ்கோப்பை மாற்றினேன், டேட்டாபேஸில் இருந்த எல்லாப் பாதைகளையும் அழித்தேன். அவர் இரண்டு மாதம் ஓட்டத்துக்கு வரவில்லை. எனக்கு இன்னும் அது உறுத்துகிறது.

ஆகவே உங்கள் ஆப்பில் 'ரீட் ஆல்' வேண்டாம். ஒருவர் தன் பயிற்சிக் குறிப்பைத் தானே முழுதாகப் பார்க்கும் தனிப்பக்கம் என்றால்கூட முதலில் சின்ன ஸ்கோப்பில் தொடங்குங்கள். மறைத்த ஓட்டமும் வேண்டும் என்று அவரே கேட்டால் அப்போது தனியாகக் கேட்கலாம். இன்னொரு விஷயம், இணைக்கும் பக்கத்தில் அந்தப் பெட்டிகளைப் பயனர் தட்டி எடுத்துவிட முடியும். திரும்பி வரும்போது எந்த ஸ்கோப் கிடைத்தது என்பது முகவரியிலேயே வரும். கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாமல் அதைப் படித்துப் பாருங்கள்.

'ஒரே குழுவில்தானே இருக்கிறோம், எல்லோரும் தெரிந்தவர்கள்தானே' என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஓட்டத் தரவு நாம் நினைப்பதைவிட அதிகம் பேசும். 2017 நவம்பரில் எங்கே அதிகம் ஓடுகிறார்கள் என்று ஒளியால் காட்டும் தன் வெப்பவரைபடத்தை ஸ்ட்ராவா புதுப்பித்து வெளியிட்டது. யார் பெயரும் அதில் இல்லை, எல்லோருடைய பாதையும் சேர்ந்த ஒளிக்கோடுகள் மட்டும்தான். 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, பாலைவனத்தின் நடுவே ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதை பளிச்சென்று தெரிவதைச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டு ஜூலையில், உடற்பயிற்சிக் கடிகாரம் செய்யும் போலார் நிறுவனத்தின் ஃப்ளோ தளத்தில் இதைவிட மோசமானது வெளிவந்தது. டி கரெஸ்பாண்டென்ட், பெல்லிங்கேட் என்ற இரண்டு புலனாய்வு ஊடகங்கள், ராணுவ, உளவுப் பணிகளில் இருக்கும் 6,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயரையும் வீட்டையும் அந்தத் தளத்தை வைத்தே கண்டுபிடித்தன. அவர்கள் செய்தது எளிது. முகாமில் ஓடியவரைப் பிடி, அதே ஆள் வேறு எங்கே ஓட்டத்தைத் தொடங்குகிறார் என்று பார், அது வீடு. 2024 அக்டோபரில் பிரான்சின் லெ மோந்த் நாளிதழ், நாட்டுத் தலைவர்களின் மெய்க்காவலர்கள் ஓடுவதை வைத்துத் தலைவர்கள் தங்கும் இடத்தைக் கண்டுபிடித்தது. நம் ஊரில் மெய்க்காவலர் இல்லை. ஆனால் விடியற்காலை 5.10-க்கு எந்த வீட்டில் இருந்து யார் தனியாகக் கிளம்புகிறார், எந்த நாளில் வீடு பூட்டிக் கிடக்கிறது என்பது நம் ஊரிலும் தெரியக் கூடாத விஷயம்தான். விதி மாறியபோது எனக்கு முதலில் கோபம் வந்தது. ஆறு மாத வேலை போனது. அந்த நீலக் கோட்டை நினைத்ததும் கோபம் தணிந்தது.

அடுத்து, நீங்கள் விதியில் கவனிக்காமல் விட்ட ஒன்று உங்கள் 90 நாள் போட்டிக்கே இடிக்கும். ஏபிஐ-யில் எடுத்த தரவை உங்கள் தற்காலிக சேமிப்பில் ஏழு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பயனர் ஒரு ஓட்டத்தை அழித்தாலோ, ஆப்பின் தொடர்பைத் துண்டித்தாலோ 48 மணி நேரத்துக்குள் உங்களிடம் உள்ளதும் போக வேண்டும். நீங்கள் வரைந்திருக்கும் டேபிள் ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒரு வரிசையாக மூன்று மாதத்துக்குச் சேர்க்கிறது. கூடவே இதயத்துடிப்பு, தொடங்கிய இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம். தொடங்கிய இடம் உங்களுக்கு எதற்கு? கிலோமீட்டர்தானே போட்டி? ஏபிஐ தருகிறது என்பதற்காக எதையும் எடுத்து வைக்காதீர்கள். உங்களிடம் இல்லாததை உங்களிடமிருந்து யாரும் திருட முடியாது.

இப்போது அழைப்புகளின் எண்ணிக்கை வரம்பு. ஆப் ஒருமுறை ஏபிஐ-யிடம் கேட்பது ஒரு அழைப்பு. இதில் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் உங்கள் வடிவமைப்பில் எங்கே ஓட்டை என்று தெரியும். பொதுவான வரம்பு 15 நிமிடத்துக்கு 200 அழைப்பு, ஒரு நாளைக்கு 2,000. அதில் தரவைப் படிக்கும் அழைப்புகளுக்கு 15 நிமிடத்துக்கு 100, நாளைக்கு 1,000. இது ஆளுக்கு இல்லை, உங்கள் ஆப் மொத்தத்துக்கும். நீங்கள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை 70 பேரையும் "புதிதாக ஓடினாயா?" என்று கேட்கிறீர்கள். ஒரு சுற்றுக்கு 70, அது 100-க்குள் அடங்குகிறது. ஆனால் 14 சுற்றில் 980 போய்விடும். நாள் கணக்கு உலகப் பொது நேரப்படி நள்ளிரவில், அதாவது நமக்குக் காலை 5.30-க்குப் புதிதாகத் தொடங்கும். 5.30-க்கு முதல் சுற்று என்றால் 9 மணிக்கு நடக்கும் பதினைந்தாவது சுற்றில் 20 பேரோடு 429 (வரம்பு மீறிவிட்டது) என்று வந்து நின்றுவிடும். கே.ஆர்.பி. அணைப் பக்கம் ஓடிவிட்டு வந்து டீ குடித்தபடி ஆப்பைத் திறக்கும் நேரம் அது. மறுநாள் காலை வரை ஆப் ஊமையாகிவிடும்.

ஆகவே போய்ப் போய்க் கேட்காதீர்கள், ஸ்ட்ராவாவே சொல்லட்டும். அதற்குத்தான் வெப்ஹுக். ஒரு ஆப்புக்கு ஒரே சந்தா, அதாவது ஒரே பதிவு, அதிலேயே இணைந்த எல்லோருடைய செய்தியும் வரும். ஓட்டம் ஏறியதும் உங்கள் சர்வருக்கு ஒரு சின்னத் தகவல் வரும். அதில் ஓட்டத்தின் எண், ஓடியவரின் எண், என்ன நடந்தது என்பது மட்டும் இருக்கும், ஓட்டத் தரவு இருக்காது. நீங்கள் இரண்டு வினாடிக்குள் 200 (கிடைத்தது) என்று பதில் சொல்லிவிட வேண்டும். டேட்டாபேஸில் எழுதுவது, விவரம் எடுப்பது எல்லாம் அதற்குப் பிறகு தனி வரிசையில் நடக்கட்டும். பலர் அந்த இரண்டு வினாடிக்குள்ளேயே எல்லா வேலையையும் முடிக்கப் பார்த்து, தாமதமாகி, அதே தகவல் மறுபடி வந்து, ஓட்டத்தை இரண்டு முறை கூட்டிவிடுவார்கள். ஓட்டத்தின் எண்ணை வைத்து ஏற்கெனவே வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்படிச் செய்தால் 70 பேரும் தினமும் ஓடினாலும் நூறு அழைப்பைத் தாண்டாது.

அதே வெப்ஹுக்கில்தான் ஒருவர் தொடர்பைத் துண்டித்த செய்தியும் வரும். துண்டித்தவரின் தரவைத் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்ற விதியை மதிக்க உங்களுக்கு இருக்கும் ஒரே காது அதுதான். சின்ன ஸ்கோப்பில் இருக்கும்போது, ஒருவர் பழைய ஓட்டத்தை 'எனக்கு மட்டும்' என்று மாற்றினால் உங்களுக்கு அது அழிக்கப்பட்டதாகவே செய்தி வரும். அப்படி வந்தால் நீங்களும் அழித்துவிடுங்கள், ஏன் என்று ஆராய வேண்டாம்.

நேரம் பற்றி இரண்டு எச்சரிக்கை. ஒகேனக்கல் இறக்கத்திலும் அஞ்செட்டிக் காட்டுப் பாதையிலும் சிக்னல் கிடைக்காது. ஞாயிறு ஓடியது திங்கள் காலை ஏறும். செய்தி வந்த நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஒருவரின் வாரமே மாறிவிடும், ஓட்டம் தொடங்கிய நேரத்தைத்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது, உள்ளூர் நேரம் என்று ஸ்ட்ராவா தரும் புலத்தின் கடைசியில், உலகப் பொது நேரத்துக்கு எழுதும் 'இசட்' எழுத்து ஒட்டிக்கொண்டு வரும். உங்கள் நிரல் அதை நம்பி, இந்திய நேரத்துக்கு மாற்றுகிறேன் என்று ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால், விடிகாலை 5.40 ஓட்டம் முற்பகல் 11.10 என்று ஆகிவிடும். எங்கள் குழுவில் ஒரு பெரியவர் "இந்த வெயிலில் நான் எங்கேம்மா ஓடினேன்?" என்று கேட்டபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

டோக்கன் பற்றிச் சுருக்கமாக. ஒருவர் தரவை எடுக்க ஸ்ட்ராவா தரும் அனுமதிச் சீட்டான அணுகல் டோக்கன் ஆறு மணி நேரத்தில் காலாவதியாகும். புதுப்பிக்கும்போது புதுப்பிப்பு டோக்கனும் மாறி வரலாம், வந்ததை உடனே பழையதின் இடத்தில் சேமியுங்கள். இல்லையென்றால் ஒருநாள் எல்லோரையும் மறுபடி இணைக்கச் சொல்லி வாட்ஸப்பில் கெஞ்ச வேண்டிவரும். இணைக்கும் பொத்தான், சின்னம் எல்லாம் அவர்கள் கொடுத்த வடிவத்திலேயே இருக்க வேண்டும், ஆப்பின் தோற்றம் அவர்களுடைய ஆப்பைப் போலவே இருக்கக் கூடாது. இது அரை மணி நேர வேலை, ஆனால் பரிசீலனையில் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சரி, எழுபது பேரின் போட்டி என்ன ஆவது? எனக்குத் தெரிந்து மூன்று வழி இருக்கிறது, ஒவ்வொன்றும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்லும்.

முதல் வழியில் ஆப்பே வேண்டாம். ஸ்ட்ராவாவுக்குள்ளேயே ஒரு கிளப் தொடங்கி, அழைப்பு உள்ளவர்கள் மட்டும் சேரும்படி வையுங்கள். திங்கள் முதல் ஞாயிறு வரை வாராந்திரப் பட்டியல் அதிலேயே வரும், காசு இல்லை. யார் எதைப் பார்க்கலாம் என்பதை ஓடுபவரின் சொந்த அமைப்புகளே முடிவு செய்யும். 90 நாள் கூட்டுத்தொகை அதில் வராது, வாரத்துக்கு வாரம் பரிசு என்று போட்டியை மாற்றிக்கொள்ளலாம். கிளப்பின் ஓட்டங்களை ஏபிஐ வழியாக எடுத்துக் கூட்டலாமே என்று உங்களுக்கு யோசனை போகும். அந்த வழியில் வரும் தரவில் தேதியும் இருக்காது, ஓடியவரின் எண்ணும் இருக்காது, முதல் பெயரும் கடைசிப் பெயரின் முதல் எழுத்தும் மட்டும்தான். உங்கள் குழுவில் எத்தனை கார்த்திக் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, அடுத்தவருக்குக் காட்டக் கூடாது என்ற விதி அதற்கும் பொருந்தும்.

இரண்டாவது வழி, நாங்கள் இப்போது தர்மபுரியில் செய்வது. ஆப்பில் இரண்டு தனி அறைகள். ஒன்று தன் பக்கம், ஸ்ட்ராவா இணைப்பு அங்கே மட்டும், தன் ஓட்டம் தனக்கு மட்டும். இன்னொன்று குழுப் பட்டியல். அதில் ஓடியவரே தன் கிலோமீட்டரைத் தட்டச்சு செய்கிறார். எவ்வளவு சொல்ல விருப்பமோ அவ்வளவு. இதில் ஒரு சபலம் வரும், கவனமாக இருங்கள்: முதல் அறையில் வந்த எண்ணை இரண்டாவது அறையின் பெட்டியில் தானாக நிரப்பிவிட்டு 'ஓகே' மட்டும் தட்டச் சொல்லலாம் என்று தோன்றும். அது வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறமாக உள்ளே வருவது. செய்யாதீர்கள். பொய்யாக எழுதினால் என்ன செய்வது என்று எங்கள் குழுவிலும் கேட்டார்கள். கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு பைக்கில் போனாலும் ஸ்ட்ராவாவில் ஓட்டம் என்று ஏற்றலாம், கருவி பொய்யைத் தடுக்காது. பக்கத்தில் ஓடுகிறவர்களுக்கு யார் எவ்வளவு ஓடினார் என்று தெரியும்.

மூன்றாவது வழி, எண் சரியாக இருந்தே ஆக வேண்டும் என்றால். ஓடுபவர் தன் கடிகாரத்தில் இருந்து, ஓடிய பாதை பதிவான ஜிபிஎக்ஸ் ஃபைலைத் தானே எடுத்து உங்கள் பக்கத்தில் ஏற்றட்டும். ஃபைலை சர்வருக்கு அனுப்பாதீர்கள். பிரவுசரிலேயே படித்து, தூரத்தையும் நேரத்தையும் கணக்கிட்டு, அந்த இரண்டு எண்ணை மட்டும் அனுப்புங்கள். பாதை அவர் போனைத் தாண்டாது. ஆண்ட்ராய்டுக்கு மட்டும் என்றால், பல ஆப்களின் உடல்நலத் தரவைப் போனிலேயே ஒரே இடத்தில் வைக்கும் ஹெல்த் கனெக்ட் இதைவிட வசதி. ஆண்ட்ராய்டு 14-லிருந்து அது போனுக்குள்ளேயே இருக்கிறது, தரவும் போனிலேயே இருக்கும். தூரம், அடிகள், இதயத்துடிப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கொடுத்த நாளுக்கு முந்தைய 30 நாள் வரைதான் சாதாரணமாகப் படிக்க முடியும். ஓடிய பாதைக்கு மட்டும் தனி ஒப்புதல். இதை வடிவமைத்தவர்கள் யாரோ அந்த நீலக் கோட்டைப் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். பிளே ஸ்டோரில் போடும்போது எந்தத் தரவு எதற்கு என்று அறிவிக்க வேண்டும், அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

மற்ற நிறுவனங்கள் பக்கம் போகலாமா என்றால், ஓட்டக் கடிகாரம் செய்யும் கார்மின் தன் டெவலப்பர் திட்டத்தை நிறுவனங்களுக்காக வைத்திருக்கிறது, தனி ஆளாகப் போனால் கதவு திறக்காது. கூகுள் ஃபிட் ஏபிஐ-க்கு 2024 மே 1 முதல் புதிதாகப் பதிவு செய்யவே முடியாது, அதைச் சொல்லிக்கொடுக்கும் பழைய வீடியோக்களை நம்பி உட்காராதீர்கள். விதி நமக்கு மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். கடிகாரத்தில் பதிவான ஓட்டத்தைக் காட்டும் இடத்தில் தன் பெயர் வர வேண்டும் என்று கார்மின் விதி போட்டபோது அது ஸ்ட்ராவாவையே கட்டுப்படுத்தியது. 2025 செப்டம்பர் இறுதியில் வேறு காப்புரிமைக் காரணங்களைச் சொல்லி கார்மின்மேல் ஸ்ட்ராவா வழக்குப் போட்டு, சில வாரத்திலேயே திரும்பப் பெற்றது. பெரியவர்களும் இன்னொருவர் ஏபிஐ-யின் வாசலில்தான் நிற்கிறார்கள்.

பள்ளி மாணவர்கள் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஸ்ட்ராவாவில் கணக்கு தொடங்கவே 13 வயது ஆகியிருக்க வேண்டும். நம் நாட்டின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள்தான், அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் வேண்டும். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அவகாசம் இருக்கிறது என்று தள்ளிப்போடாமல், உங்கள் 90 நாள் போட்டியில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை ஆப்பில் சேர்க்காதீர்கள். பிள்ளைகளுக்கு மைதானத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் சுற்றை எண்ண ஒரு ஆளும் போதும். பன்னிரண்டு பேர்தானே. அவர்கள் ஓடும் இடத்தையும் நேரத்தையும் சர்வரில் வைத்துக் காக்கும் பொறுப்பை ஒரு கல்லூரி மாணவராக நீங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் ப்ராஜெக்ட் பற்றி. ஏபிஐ-யில் எடுத்த தரவைச் செயற்கை நுண்ணறிவு மாடல்களில் பயன்படுத்தக் கூடாது என்று அதே 2024 நவம்பர் ஒப்பந்தம் வெளிப்படையாகச் சொல்கிறது. படிப்புக்காகத்தான், காசுக்காக இல்லை என்று விலக்கு தேடாதீர்கள். அதனால் ப்ராஜெக்டைக் கைவிட வேண்டியதில்லை. பத்துப் பேர் தங்கள் கடிகாரத்தில் இருந்து தாங்களே எடுத்துக் கொடுக்கும் ஃபைல்கள் போதும். ஆளுக்கு ஒரு வருட ஓட்டம் இருந்தால் நூற்றுக்கணக்கான பதிவுகள் கிடைக்கும். தமிழில் ஒரு பக்க ஒப்புதல் கடிதம் எழுதுங்கள்: எந்தத் தரவு, எதற்கு, யார் பார்ப்பார்கள், ப்ராஜெக்ட் முடிந்ததும் எந்தத் தேதியில் அழிப்பீர்கள், நடுவில் வேண்டாம் என்றால் யாரிடம் சொல்ல வேண்டும். முதல் ஒரு கிலோமீட்டரையும் கடைசி ஒரு கிலோமீட்டரையும் வெட்டிவிட்டே எடுத்துக்கொள்ளுங்கள், மாரத்தான் நேரத்தைக் கணிக்க வீட்டு வாசல் தேவையில்லை. வைவாவில் தரவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அந்தக் கடிதங்களையே எடுத்து வைக்கலாம்.

பரிசீலனைக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டாவது வழியில் சொன்ன 'தன் பக்கம்' அறையை மட்டும் காட்டுங்கள். இணைக்கும் பக்கம், தன் தரவு தனக்கு மட்டும் தெரியும் திரை, தொடர்பைத் துண்டிக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது, துண்டித்ததும் என்ன அழிகிறது, இவற்றின் படங்களை வையுங்கள். குழுப் பட்டியலுக்கு எண் எங்கிருந்து வருகிறது என்பதை மறைக்காமல் ஒரு வரியில் எழுதுங்கள். பதில் எத்தனை நாளில் வரும் என்று கணக்கு வைக்க முடியாது. அதனால் போட்டி தொடங்கும் தேதியை இப்போதே குழுவில் அறிவித்துவிடாதீர்கள். அனுமதி வராவிட்டாலும் நடக்கும்படி, தட்டச்சு செய்யும் பட்டியலை முதலில் கட்டி முடியுங்கள். சந்தேகம் வந்தால் கேளுங்கள், இந்த முறை ஸ்கிரீன்ஷாட்டில் சீக்ரெட்டை அடித்து மறைத்துவிட்டு அனுப்புங்கள்.